குரோனிக் என்றால் முற்றிய வருத்தம் அல்ல

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 12 வருடமாகச் சீனி வருத்தம். போனமுறை கிளினிக் கொப்பியில் ‘சி.கே.டி. ஸ்ரேஜ் 3’ (குரோனிக் கிட்னி டிசீஸ், மூன்றாம் படி) என்று எழுதியிருக்கிறார்கள். குரோனிக் கிட்னி என்றால் கிட்னி முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. முன்பு 1.5 ஆக இருந்த கிரியற்றினின் இப்போது 133 ஆம். பயமாக இருக்கிறது.
– ஒரு மகள், ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் அந்த 133. இரண்டு ரிப்போட்டையும் பக்கத்தில் வைத்து, இலக்கத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். ஒன்றில் மில்லிகிராம், மற்றதில் மைக்குரோமோல் என்று இருக்கும். 1.5ஐ 88ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 133 வரும். அப்படியென்றால் அம்மாவின் கிரியற்றினின் கூடவே இல்லை. ஆய்வுகூடம்தான் மாறியிருக்கிறது.

கிரியற்றினின் என்பது தசைகளிலிருந்து வரும் கழிவு. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அதன் அளவோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு நிமிடத்தில் சிறுநீரகங்கள் எத்தனை மில்லிலீற்றர் வடிகட்டுகின்றன என்று தெரியும். அது 30 முதல் 59 வரை இருந்தால் ஸ்ரேஜ் 3. அம்மாவுக்கு ஏறத்தாழ 40 வரும். மொத்தம் ஐந்து படி, இது நடுப்படி. 15க்குக் கீழே போனால்தான் ஐந்தாவது. இரத்தச் சுத்திகரிப்புப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

குரோனிக் என்ற சொல்லுக்கு வேர் கிரேக்க மொழியில் ‘காலம்’. நாட்பட்டது, அவ்வளவுதான். சிறுநீரக விடயத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அப்படி எழுதுவோம். எவ்வளவு கடுமை என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதற்கு எதிர்ச்சொல் அக்கியூட், திடீரென்று வந்தது. வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வந்து சில நாட்களில் சிறுநீர் நின்றுபோவது அக்கியூட். உடனடி ஆபத்து அதில்தான் அதிகம். ஆனால் நேரத்துக்கு வைத்தியம் செய்தால் பலருக்குச் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யும். நாட்பட்டதில் போனது பெரும்பாலும் திரும்பாது, மிச்சத்தை வருடக்கணக்காகக் காப்பாற்றலாம்.

வவுனியாப் பக்கம் ‘சி.கே.டி.யு.’ என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசி ‘யு’ காரணம் தெரியாதது என்பதைக் குறிக்கும். அம்மாவின் கொப்பியில் அந்த எழுத்து இல்லை. அவருக்குச் சீனி வருத்தமே காரணமாக இருக்கலாம்.

எனக்குக் கவலை தருவது அம்மா சாப்பிடாமல் இருப்பதுதான். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும்போது சில சீனிக் குளிசைகள் உடம்பில் கூடநேரம் தங்கும். குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறினால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் இருந்து சாப்பிட வையுங்கள் பிள்ளை.

அப்புறம், முழங்கால் நோவுக்கு பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். போட்டால் நிறுத்துங்கள், அது சிறுநீரகத்துக்குக் கூடாது. அடுத்த கிளினிக்குக்கு இரண்டு ரிப்போட்டையும் கொண்டுபோய், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் கேளுங்கள்.