ஒரு லேப்டாப், இரண்டு இயங்குதளம், ஓயாமல் மாறும் மணி: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸில் வேலை முடித்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி தப்பாக இருக்கிறது. திருத்தினால் அடுத்து லினக்ஸில் தப்பு. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பயப்படாதீர்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரம் லேப்டாப் அணைந்திருக்கும்போதும் ஓடும். ஆனால் அதில் இருப்பது வெறும் தேதியும் மணியும்தான். எந்த நேர மண்டலத்தின் மணி என்ற குறிப்பு இல்லை. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் யுடிசி என்கிற உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. இணைய நேரத்தோடு ஒத்துப்போன பின் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை யுடிசியை அந்தக் கடிகாரத்தில் எழுதியும் வைக்கும். விண்டோஸ் வந்து அதை உள்ளூர் மணி என்று எடுத்துக்கொள்கிறது. எத்தனை மணி நேரம் பிசகுகிறது என்று பாருங்கள். உங்கள் நேர மண்டலத்துக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசமும் அதுவும் ஒன்றாக இருந்தால் காரணம் இதுவேதான்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பக்கம் மாற்றுவது?

பதில்: விண்டோஸ் பக்கம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில், உள்ளூர் நேரத்தை வைத்திருந்தால் இரண்டு இயங்குதளமும் ஆளுக்கொரு முறை தள்ளிவிடும். யுடிசிக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை நிர்வாகி உரிமையோடு திறந்து லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் என்று உள்ளே போங்கள். அங்கே 32 பிட் டிவேர்ட், அதாவது எண் வகைப் பதிவு ஒன்றை உருவாக்கி, 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் பெயரிட்டு, மதிப்பை 1 ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகு விண்டோஸின் நேர அமைப்பில் ஒருமுறை 'சிங்க்' கொடுங்கள்.

கேள்வி: அலுவலக லேப்டாப். ரெஜிஸ்ட்ரியைத் தொட அனுமதி இல்லை.

பதில்: சரி, அப்போது லினக்ஸில் மாற்றலாம். டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுங்கள். 1க்குப் பதில் 0 கொடுத்தால் பழைய நிலை. இந்த முறைக்கு முழு ஆதரவு இல்லை என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கும், அதனால்தான் இதை இரண்டாவதாகச் சொல்கிறேன். ஒன்று முக்கியம்: இரண்டு பக்கமும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பிழை அப்படியே திசைமாறித் திரும்பி வரும்.

கேள்வி: எனக்கு மணி இல்லை, வருடமே பின்னால் போகிறது. இணையதளங்களும் திறப்பதில்லை.

பதில்: இது வேறு நோய். கடிகாரத்தின் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பல லேப்டாப்களில் அது 3 வோல்ட் சிஆர்2032. மாற்றித்தான் ஆக வேண்டும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு, தேதி தப்பானால் பிரவுசர் அதை ஏற்காது. இப்போதைக்கு, லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் நிரலில் தேதியைக் கையால் வையுங்கள்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியை மாற்றிய பிறகு விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் சரி. பயாஸில் மட்டும் மணி தப்பாக இருக்கிறதே?

பதில்: அது யுடிசி. அப்படியே விட்டுவிடுங்கள்.