‘ஏறுவார்’ என்றால் ‘வில் கிளைம்ப்’ இல்லை: டென்ஸ் சந்தேகங்களுக்குப் பதில்கள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். டென்ஸில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

டீச்சர், என் மகள் வேலந்தாவளத்தில் ஏழாவது படிக்கிறாள். பன்னிரண்டு டென்ஸும் டேபிளாக ஒப்பிக்கிறாள், ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் எல்லாம் தப்பு. அக்கறை இல்லாமல் எழுதுகிறாளா?

இல்லை அம்மா, அக்கறை இல்லாத பிள்ளை பன்னிரண்டு டேபிளை மனப்பாடம் செய்யாது. டேபிள் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கிறது, எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதைச் சொல்லித் தருவதில்லை. அந்த இடம் வரும்போது பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழை வைத்துத்தான் முடிவு செய்யும், அதில் தப்பே இல்லை.

ஒன்று சொல்கிறேன். எங்கள் சித்தூர் தாலுக்கா கள்ளுக்குப் பேர் போனது, என் வகுப்பில் மரமேறிகளின் பிள்ளைகள் நிறைய. ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன், ஒரு பெண் ‘மை ஃபாதர் வில் கிளைம்ப் தி ட்ரீ எவ்ரி மார்னிங்’ என்று எழுதியிருந்தாள். வில்-ஐச் சுழித்துவிட்டு ‘கிளைம்ப்ஸ்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த வரியில் ‘ஹி வில் டிரிங்க் டீ’, அதற்கும் கீழே ‘ஹி வில் கம் ஹோம் அட் நைன்’. மூன்றாவது சுழி போடும்போதுதான் கை நின்றது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இதைத் தமிழில் சொல்லு கண்ணு என்றேன். ‘எங்கப்பா தினமும் காலையில மரம் ஏறுவார், டீ குடிப்பார், ஒம்பது மணிக்கு வீட்டுக்கு வருவார்’ என்றாள். ஏறுவார், குடிப்பார், வருவார். இலக்கணப் புத்தகத்தில் எதிர்காலம் காட்டும் இடைநிலைகள் என்று நாம் சொல்லிக்கொடுக்கிற அதே வ், ப் தான். நாமே எதிர்காலம் என்றால் வில் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அவள் அதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள்!

தமிழில் ‘ஏறுவார்’ இரண்டு வேலை பார்க்கிறது: நாளைக்கு ஏறப்போவதையும் சொல்லும், தினமும் ஏறும் வழக்கத்தையும் சொல்லும். ஆங்கிலத்தில் அந்த வழக்கத்துக்கு சிம்பிள் பிரசன்ட். மகளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: ‘ஏறுவார்’ வரும் இடத்தில் ‘ஏறுவது வழக்கம்’ என்று போட்டுப் பார், பொருள் மாறவில்லை என்றால் வில் வேண்டாம். ‘சின்ன வயசில் ஆற்றில் குளிப்போம்’ என்பதும் இதே கதைதான். குளிப்போம் என்றாலும் அது முடிந்துபோன வழக்கம், அதனால் ‘யூஸ்ட் டு பேத்’. இந்த ஒன்று பிடிபட்டாலே நோட்டில் பாதிச் சிவப்பு குறைந்துவிடும், என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவன். ‘தே கம்’, ஆனால் ‘ஹி கம்ஸ்’. எஸ் பன்மைக்குத்தானே? ஒரு ஆளுக்கு ஏன் எஸ்?

நல்ல கேள்வி தம்பி. பெயர்ச்சொல்லில் எஸ் வந்தால் பெரும்பாலும் பன்மை, வினைச்சொல்லில் எஸ் வந்தால் ஒருமை. இரண்டும் வேறு வேறு எஸ், எழுத்து மட்டும்தான் ஒன்று. தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி போடுகிறோம், அதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, நீயாகப் பேசுகிறாய். ஆங்கிலத்தில் அந்த விகுதியெல்லாம் தேய்ந்துபோய், நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பதற்கு மட்டும் ஒரு எஸ் மிச்சமிருக்கிறது. வருகிறான் என்பதில் உள்ள ‘ஆன்’ மாதிரி அதை நினைத்துக்கொள்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, எல்லாருக்கும் ஒரே வந்நு. தெருவில் மலையாளம் பேசி வளரும் பிள்ளைகள் எஸ்-ஐ விடுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படி விடுபவர்கள் எழுதும்போது மனதுக்குள் தமிழ் விகுதியைச் சொல்லிப் பார்த்தால் எஸ் ஞாபகம் வரும்.

கேள்வியாக்கினால் ‘டஸ் ஹி கம்?’ இருப்பது ஒரே எஸ், அது டூ-வோடு போய் ஒட்டிக்கொண்டு டஸ் ஆகிவிட்டது, அதனால் கம்-இல் மறுபடி போடக்கூடாது.

பையன் எப்போதும் ‘டிட் நாட் வென்ட்’ என்றே எழுதுகிறான். எத்தனை தடவை திருத்தினாலும் மாறவில்லை. கோபாலபுரத்திலிருந்து ஒரு அப்பா.

அவனிடம் ‘நேற்று ஸ்கூலுக்கு’ என்று ஆரம்பித்து, போகாததைச் சொல்லச் சொல்லுங்கள். ‘போகவில்லை’ என்பான். ‘போனில்லை’ என்று சொல்லமாட்டான். ‘போக’ என்பதில் காலம் காட்டும் எழுத்து எதுவும் கிடையாது, மொட்டையாக நிற்கிறது. ஆங்கிலமும் இங்கே நம் வழிதான். காலத்தை டிட் வாங்கிக்கொள்கிறது, கோ மொட்டையாக நிற்கிறது. ‘டிட் நாட் கோ’ = ‘போகவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகட்டும்.

மலையாளத்தில் ‘போயில்லா’, ‘வந்நில்லா’ என்று இறந்தகால வடிவத்தோடுதான் இல்லை சேரும். பையன் எந்த மொழியில் யோசித்து எழுதுகிறான் என்று கவனியுங்கள். திட்டவேண்டாம், இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு வருகிற தடுமாற்றம் இது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். மெயிலில் ‘எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தி பாங்க்’ என்று எழுதினேன், மேலாளர் ஹேட் வேண்டாம் என்கிறார். ஏன்?

அவர் சொல்வது சரி. நாம் சாதாரணமாகவே ‘நேற்று பாங்குக்குப் போயிருந்தேன்’ என்போம், மலையாளத்திலும் ‘போயிருந்நு’ என்பார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தாயிற்று என்ற அர்த்தம் அதில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஹேட் வரவேண்டுமானால் இரண்டு பழைய சம்பவங்கள் வேண்டும், எது முந்தியது என்று காட்டத்தான் அது. ‘நான் ஸ்டாண்டுக்கு வந்தபோது பொள்ளாச்சி பஸ் போய்விட்டிருந்தது.’ பஸ் போனது முந்தி, நான் வந்தது பிந்தி, அதனால் ‘தி பஸ் ஹேட் லெஃப்ட்’. ஒரே சம்பவம் என்றால் வென்ட் போதும்.

இதோடு சேர்த்தே இன்னொரு அக்கா கேட்டதையும் சொல்லிவிடுகிறேன்: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்’ ஏன் தப்பு? ‘போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்பது தமிழில் இயல்பாக வரும். ஆங்கிலத்தில் முடிந்துபோன காலத்தைப் பேர் சொல்லிவிட்டால் (நேற்று, போன வருஷம், 2019இல்) ஹேவ் வராது, ‘ஐ சா ஹிம்’ தான். காலத்தைச் சொல்லாமல் ‘அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்றால் ஹேவ் சரி. ‘பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம், ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. நீளத்துக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். ஃப்ரம் வேண்டாம்.

‘ஐ ஆம் நோயிங்’ ஏன் தப்பு?

‘எனக்குத் தெரியும்’ என்று ஒரு நிலையைத்தானே சொல்கிறீர்கள், நடந்துகொண்டிருக்கிற வேலையை இல்லையே. நோ, பிலாங், அண்டர்ஸ்டாண்ட் போன்றவற்றுக்குப் பொதுவாக இங் சேராது.

பி.எஸ்.சி. என்கிற அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். டென்ஸ் பன்னிரண்டா, இரண்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பள்ளிக் கணக்கு மூன்று காலம், ஒவ்வொன்றிலும் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ், ஆக பன்னிரண்டு. மொழியியல்காரர்கள் வினைச்சொல்லே உருமாறுவதை மட்டும் எண்ணுகிறார்கள். வாக், வாக்ட், அவ்வளவுதான், எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் கிடையாது, வில்-ஐத் துணைக்குக் கூப்பிடுகிறது. எண்ணும் முறைதான் வேறு. பரீட்சைக்குப் பன்னிரண்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது அம்மா. பேரன் ஆறாவது படிக்கிறான், கோ-வென்ட்-கான் என்று ராத்திரியெல்லாம் உருப்போடுகிறான், பாவமாக இருக்கிறது. நான் எப்படி உதவுவது?

ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியுமே, அது போதும். நட என்றால் நடந்தான், படி என்றால் படித்தான், தின் என்றால் தின்றான், பாடு என்றால் பாடினான், போ என்றால் போனான். எத்தனை விதம் பாருங்கள், இத்தனையும் அவன் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்டான், பேசிப் பேசி. வென்ட் கூட முதலில் வெண்ட் என்ற வேறொரு சொல்லின் இறந்தகாலம், பிறகு கோ-வுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் கோ-வுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பிடும்போது, இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவன் தமிழில் சொல்லட்டும். போனேன், வாங்கினேன், விழுந்தேன், அழுதேன். அதில் மூன்றே மூன்று சொல்லை எடுத்து, ஆங்கிலத்தில் என்ன என்று புத்தகத்தில் தேடி ஒரு நோட்டில் முழு வாக்கியமாக எழுதட்டும், எழுதியதை உங்களுக்கு வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்லட்டும். உங்களுக்குப் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.