கல்லா, கண்ணாடியா?

கேள்வி: பாண்டி பஜாரில் வாங்கிய பாலிஷ் கற்களில் எது அசல் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: முடியும். முதலில் 10 மடங்கு லென்ஸில், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழ் தெரிந்தால் கண்ணாடி. செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக, ஒரே சீராக மின்னும் 'கோல்ட்ஸ்டோன்' கண்ணாடிதான். அவென்சுரின் என்ற அசல் பச்சைக் கல்லில் மைக்கா (அப்பிரகம்) துகள்கள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்; அந்த ஒழுங்கின்மைதான் அதன் அழகு.

அடுத்தது கடினம். கண்ணாடியைக் கல்லால் கீறிப் பார்க்காதீர்கள். உருட்டி மழுக்கிய கல்லில் கூர்முனை இல்லாததால், கண்ணாடியைவிடக் கடினமான குவார்ட்ஸ்கூடக் கீறாமல் வழுக்கிவிடும். கத்தி முனையால் கல்லின் அடிப்பக்கம் லேசாகக் கீறுங்கள். கோடு விழுந்தால் ஈரவிரலால் தேயுங்கள். அழிந்தால் அது கத்தியின் இரும்புத் தடம். கல் குவார்ட்ஸ், அகேட் வகையாக (மோஸ் கடின அளவுகோலில் 7; எண் கூடினால் கடினமும் கூடும்) இருக்கலாம். அழியாத பள்ளமென்றால் கால்சைட் (3) போன்ற மென்கல். கால்சைட் மேல் வினிகர் விட்டால் நுரைக்கும், ஆனால் பாலிஷ் போய்விடும்.

கருப்பு நரம்போடிய நீல நிறக் கல் டர்க்காய்ஸ் என்று விற்கப்பட்டால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சில் நீலம் ஒட்டினால் சாயம் உறுதி. ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம், மேலே மெழுகோ பிசினோ பூசியிருக்கலாம். அகேட்டில் விரிசல் ஓரம் மட்டும் நிறம் அடர்ந்திருந்தாலும் சாயமே.

கேள்வி: நம்மூர்க் கல் ஏதாவது?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: பக்கத்திலேயே இருக்கிறது, பல்லாவரத்துச் சார்னோக்கைட். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருநீலச் சாம்பல் பாறை.