அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நட்சத்திர வீரர்களைச் சேர்த்தால் கோப்பை உறுதியா?

உறுதி இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் கோப்பையைத் தொடுவது ரொம்பக் கஷ்டம். (இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம் கால்பந்து இல்லை.)

பள்ளியில் ஆடும் பையன்களுக்கு அங்கே ஐந்து நட்சத்திரம் வரை தரம் போடுகிறார்கள். நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் குவிந்திருந்தால் என்ன லாபம்? 2018 ஜனவரி இறுதிப் போட்டியைப் பாருங்கள். இடைவேளையில் அலபாமா பல்கலைக்கழக அணி ஜார்ஜியா பல்கலைக்கழக அணியிடம் 0-13 என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன், வழக்கமான குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் துவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் துவா வீசிய பந்தை 41 கெஜ டச்டவுனாக (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்) மாற்றியவர் டெவொன்டா ஸ்மித், அவரும் முதலாண்டுதான். 26-23, கோப்பை அலபாமாவுக்கு. பெஞ்சில்கூட இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் விஷயம்.

சரி, மறுபக்கம்? 2022-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், நாட்டின் தரவரிசையில் முதலிடம் பெற்ற புதுவரவுக் கூட்டத்தை அள்ளியது. அந்தப் பருவத்தில் 5 வெற்றி, 7 தோல்வி! பதினெட்டு வயதுப் பையன்கள் தேறிவர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும்.

அப்புறம், கல்லூரி மாறி வருபவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019 பருவத்தில் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 15 ஆட்டத்தையும் ஜெயித்தபோது குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜோ பர்ரோ, ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் வந்தவர்.