முக்கோணக் குறியும் காந்தச் சோதனையும்

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் அம்புகளால் ஆன முக்கோணமும் அதனுள் ஓர் எண்ணும் இருக்கின்றன. அந்தக் குறி இருந்தால் மறுசுழற்சி செய்யக்கூடிய பொருள் என்று நம்பியே இதுவரை வாங்கி வந்தேன். பள்ளியில் வேதியியல் படிக்கும் என் மகள் அப்படி இல்லை என்கிறாள். எது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் இந்த எண்களைக் கொண்டுவந்தது, ஒரு பொருள் எந்த வகைப் பலபடியால் (பாலிமரால்) ஆனது என்பதைக் கழிவைப் பிரிப்பவர்கள் அறிந்துகொள்வதற்காகவே. வாங்குபவருக்கு வாக்குறுதி தருவதற்காக அன்று. அம்புகள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால், 2013-இல் அதற்கான தர விதியில் அவை நீக்கப்பட்டு வெறும் முக்கோணம் வைக்கப்பட்டது. ஆனால் பழைய குறி இன்னும் பல பொருள்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே அம்பை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். 1 என்பது தண்ணீர் பாட்டில்களில் காணப்படும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், 2 அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 3 பிவிசி, 4 அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், மற்றவை அனைத்தும் 7. சூடான உணவுக்கு டப்பா தேடுபவர் உருகுநிலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவார். பெட் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரியிலேயே உருகிவிடுகிறது; ஆனாலும் கொதிநீரை ஊற்றியவுடன் சுருங்கிக் கோணிப்போவது பெட் பாட்டில்தான். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஏறத்தாழ 75 டிகிரியிலேயே அசையத் தொடங்கி, பாட்டிலாக ஊதும்போது இழுக்கப்பட்ட நிலையிலிருந்து பழைய நிலைக்குச் சுருங்குகின்றன. பாலிபுரோப்பிலீனிலோ உள்ளிருக்கும் படிகப் பகுதிகள் உருகும்வரை வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன.

மறுசுழற்சியில் மிகப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுபவை 1, 2 ஆகிய இரண்டும். பாலிபுரோப்பிலீன் மூடிகள் தண்ணீரில் மிதக்கும், பெட் துண்டுகள் மூழ்கும். எனவே இரண்டையும் பிரிப்பது எளிது. பிவிசியின் அடர்த்தியோ பெட்டின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால் அதுவும் உடன் மூழ்கிவிடுகிறது. பெட்டை உருக்கும் வெப்பத்தில் அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுவதால், சிறிதளவு கலந்தாலும் உருகிய பெட் முழுவதும் தரம் கெடும். வேறு வழி இருக்கும்போது 3 என்ற எண்ணுள்ள பொதியுறையைத் தவிர்த்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ‘18/8’ என்று முத்திரையிட்ட எவர்சில்வர் பாத்திரம் வாங்கினேன். அதன் விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அந்த ஒன்றை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம், குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. நிக்கல் செய்வது வேறு வேலை: இரும்பின் படிக அமைப்பை மாற்றி அதன் காந்தத்தன்மையைப் போக்குகிறது. 18/8 என்பது 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கலந்தது. அதைத் தகடாக அழுத்தி வளைக்கும்போது, அதிகம் வளைந்த இடங்களில் மட்டும் படிக அமைப்பு மீண்டும் மாறுவதால் காந்தம் அங்கே லேசாக ஒட்டுகிறது. பாத்திரம் முழுவதும் காந்தம் பலமாகப் பற்றிக்கொண்டால்தான் முத்திரையைச் சந்தேகிக்க வேண்டும்.

நிக்கல் இல்லாத எவர்சில்வர் போலி அன்று. இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் வேண்டும். மறுசுழற்சியில் இரண்டு வகையும் உருக்கி மீண்டும் எஃகாக்கப்படுகின்றன. அங்கேயும் பிரிப்பவர் கையில் இருப்பது காந்தமே. எந்த வகையானாலும், கரையாத உப்பை அடியில் தங்கவிடாதீர்கள்: உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும்.

கேள்வி: அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் உடைந்துவிட்டது. பாட்டில்களோடு சேர்த்துப் போடலாமா?

பதில்: கூடாது. அத்தகைய பாத்திரங்களில் பல போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனவை. பாட்டில் கண்ணாடியைவிட அதிக வெப்பத்தில்தான் அது இளகும் என்பதால், உலையில் உருகாத கட்டியாக நின்று புதிய பாட்டிலில் குறையை உண்டாக்கும்.

கேள்வி: மெலமைன் தட்டுகளும் பிளாஸ்டிக்தானே, அவற்றை உருக்க முடியாதா?

பதில்: முடியாது. அது இறுகும் பிளாஸ்டிக். சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புகளால் கட்டுண்டிருப்பதால், சூடேற்றினால் இளகாமல் கருகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பிலும் அதை வைக்க வேண்டாம்.