பந்தலுக்கு வெளியே நின்ற தங்கை

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுடையது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். தலைமுறை தலைமுறையாக ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மா தவறிவிட்டார்கள். என் தங்கை எட்டு வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். கடைசி நான்கு மாதம் அம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். இறந்த பிறகு குளிப்பாட்டி, சேலை உடுத்தி, தலை சீவிவிட்டது வரை எல்லாம் அவள் கைதான். ஆனால் ஜெபமாலை தொடங்கியதும் எழுந்து பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். கல்லறையில் மந்திரித்த தண்ணீர் தெளிக்கவில்லை. சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை.

முப்பதாம் நாள் பூசை பற்றிச் சொன்னபோது, "அம்மா கர்த்தர்கிட்ட போயாச்சு. இனி அவங்களுக்காக ஜெபம் பண்ண வேதத்துல இடமில்லண்ணே. நான் வரல" என்றாள். எனக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஒரே இயேசு, ஒரே பைபிள் என்கிறோம். மாதாவைக் கும்பிடுவதில்லை என்பதைத் தவிர உண்மையில் என்ன வித்தியாசம்? அவளும் கிறிஸ்தவள்தானே? அவளை எப்படி அழைப்பது?

எம்.

*

அன்புள்ள எம்.,

அம்மாவின் ஆன்மா இளைப்பாறட்டும். இப்படி எழுதும்போதே உங்கள் கேள்விக்குள் வந்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் தங்கையால் சொல்ல முடியாது. எனக்கோ வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியாது.

மாதாதான் வித்தியாசம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் பிரிகிற இடம் சாவு. செத்துப்போனவர்களுக்கும் நமக்கும் நடுவே வழி திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா? இதற்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்து மாதா, புனிதர், இறந்தவர்கள் பரலோகம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம், பூசை, கல்லறைத் திருநாள் எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு வந்துவிடும்.

கத்தோலிக்கருக்கு அந்த வழி திறந்திருக்கிறது. உயிரோடிருப்பவர்கள், இறந்து தூய்மை பெற்றுக்கொண்டிருப்பவர்கள், இறைவனின் முன்னால் நிற்கும் புனிதர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே திருச்சபை. 'புனிதர்களின் சமூக உறவை நம்புகிறேன்' என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அது இதுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்பதுபோல மாதாவிடம் கேட்கிறோம். அம்மாவுக்காக நாம் வேண்டிக்கொள்கிறோம். சாவு நடுவில் நிற்பதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோவதில்லை. ஒவ்வொரு பூசையிலும் நற்கருணை மன்றாட்டின் நடுவே இறந்தோரை நினைவுகூரும் பகுதி வருவது இதனால்தான்.

உங்கள் தங்கைக்கு அந்த வழி அடைத்திருக்கிறது. அதை அடைத்தது கடவுளே என்று அவள் நம்புகிறாள். மனிதர் ஒரே தரம் மரிப்பதும் பிறகு நியாயத்தீர்ப்பும் குறிக்கப்பட்டிருக்கிறது என்கிறது எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரம். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு 'இன்றைக்கே பரதீசு' கிடைத்தது. நடுவே உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்றிருந்தால் அவன்தானே முதலில் அங்கே போயிருக்க வேண்டும்? கிறிஸ்துவின் இரத்தம் முழுவதுமாகக் கழுவிவிட்டது என்றால் இன்னும் கழுவ என்ன மிச்சம்? செத்தவர்களிடம் பேசுவதை உபாகமம் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது. அதனால் மாதாவிடம் வேண்டுவதும் அவளுக்கு அந்த விலக்குக்குள்தான் வருகிறது. அவள் ஜெபமாலையைவிட்டு எழுந்து போனது அம்மாவை அவமதிக்க அல்ல. கர்த்தர் கையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவுக்காக மறுபடி கெஞ்சுவது, அவர் கையை நம்பாமல் இருப்பதாக அவளுக்குப் படுகிறது.

'ஒரே பைபிள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் பைபிளில் 73 புத்தகங்கள், அவர்களுடையதில் 66. எபிரேய வேதத் தொகுப்பில் இல்லாத ஏழு பழைய ஏற்பாட்டு நூல்களைச் சீர்திருத்த சபைகள் வேதமாக ஏற்கவில்லை; நம் திருச்சபையின் திரெந்து சங்கம் 1546இல் அவை வேதமே என்று உறுதிசெய்தது. இறந்தவர்களுக்காக வேண்டுவதற்கு நாம் முதலில் காட்டும் இடம் அந்த ஏழில் ஒன்றான இரண்டாம் மக்கபேயர் 12ஆம் அதிகாரம். போரில் செத்த வீரர்களை அடக்கம் செய்ய வந்தவர்கள், அவர்களுடைய உடைக்குள் யாம்னியா தெய்வங்களின் தாயத்துகளைக் கண்டார்கள். படைத்தலைவர் யூதா அவர்களைத் தள்ளிவைக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக இரண்டாயிரம் வெள்ளி திராக்மா தண்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தப்பு செய்து செத்தவனையும் விட்டுவிட மனமில்லாத கூட்டாளிகள். ஆனால் தங்கையின் வேதாகமத்தில் இந்தப் பக்கமே கிடையாது. 'வேதத்தில் இடமில்லை' என்று அவள் சொன்னது அவள் கையிலிருக்கும் புத்தகத்தைப் பொறுத்தவரை நேர்மையான பேச்சு.

என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தியின் இளைய மகனுக்கு வலிப்பு. அவனுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி, சித்தி வாராவாரம் பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுத்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கருத்துகளை ஒரே மூச்சில் வாசித்தபோது பையனுடைய பெயரைத் தப்பாக வாசித்தார்கள். பூசை முடிந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் சித்தியை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனார். தகரக் கொட்டகை, தரையில் பாய். ஐந்தாறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து பையன் பேரைக் கேட்டு, தலையில் கை வைத்து, மதியம்வரை அவனுக்காக மட்டும் அழுது ஜெபித்தார்களாம். வலிப்பு நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் சித்தி பூசைக்குத் திரும்பவேயில்லை.

ஒருமுறை சித்தியோடு நானும் போனேன். பூசையில் வளர்ந்தவனுக்கு அந்த இடம் முதலில் பிடிபடாது. பூசையில் எதுவும் என்னை எதிர்பார்த்து நிற்பதில்லை. எழுந்திருக்கும் இடம், முழங்கால் போடும் இடம், குருவானவர் சொன்னதற்குப் பதில் சொல்லும் இடம் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறது. மனசு வறண்டுபோன நாளிலும் அது என்னைத் தூக்கிக்கொண்டு போகும். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்று நம்புகிறோம். என் உணர்ச்சியைப் பொறுத்ததல்ல அது. அங்கேயோ பாட்டும் கைத்தட்டலும் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் குரலில் உரக்க ஜெபிக்கத் தொடங்கினார்கள். சிலர் அந்நிய பாஷையில், கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில், பேசினார்கள். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றதற்கு அதுவே முதல் அடையாளம் என்பது பல பெந்தெகொஸ்தே சபைகளின் போதனை. நமக்கு ஆவியார் திருமுழுக்கிலேயே வருகிறார், ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசும் உறுதிபூசுதலில் அந்த அருள் நிறைவடைகிறது. அவர்களுடைய திருவிருந்தும் ஆண்டவரின் மரணத்தை நினைவுகூர்வது. பீடமும் பலியும் அங்கே இல்லை.

பிறகு சாட்சி நேரம் வந்தது. சித்தி எழுந்து மைக்கைப் பிடித்தார். எங்கள் வீட்டில் ஆண்கள் பேசும்போது அடுக்களை வாசலைத் தாண்டாதவர். மைக் வாயில் இடித்துக் கரகரத்தது. அந்த வாரம் பையனுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது, இரவு அவன் நன்றாகத் தூங்கினான் என்று சொல்லி ஸ்தோத்திரம் என்றார். அறுபது பேர் திரும்ப ஸ்தோத்திரம் என்றார்கள். சித்தி அங்கே என்ன கண்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இது வெள்ளைக்காரன் காசில் நேற்று வந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பெந்தெகொஸ்தே வரலாற்றை 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவில் தொடங்குவது வழக்கம். அங்கே கூட்டத்தை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோரின் மகன். ஆனால் அதற்கு 46 வருடம் முன்பே, 1860இல், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் நடத்திய எழுப்புதலில் நம் தென் மாவட்டங்களில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்தது பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்துக் கதையும் தகரக் கொட்டகைக்கு அவ்வளவு தூரமில்லை. 1542இல் வந்த சவேரியார் முத்துக்குளித்துறையில் மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மாற்றி எழுதிவைத்த ஜெபங்களை மனப்பாடம் செய்யவைத்தார். அப்போது அதுவும் தெருவில் நடந்த ஊழியம்தான்.

'அவளும் கிறிஸ்தவள்தானே' என்று கேட்டீர்கள். ஆமாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் வேறு சபையில் நடந்தாலும் கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக அதை ஏற்கிறது. அப்படி ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சகோதரர் என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் வருட ஆணை அழைக்கிறது. ('இயேசுவின் நாமத்தில் மட்டும்' கொடுக்கும் சபைகள் திரித்துவத்தை ஏற்பதில்லை, அவர்கள் காரியம் வேறு.) வலி எங்கே வருகிறதென்றால், நாம் அவர்களுடையதை ஏற்கிறோம், அவர்கள் நம்முடையதை ஏற்பதில்லை. தங்கை சபையில் சேர்ந்தபோது முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருப்பாள். உங்கள் அம்மா கைக்குழந்தையாக அவளைத் தொட்டிக்குத் தூக்கிப்போன அந்த நாளே இல்லையென்று ஆனதுபோல் அன்றைக்கு அவர்களுக்கு இருந்திருக்கும். தங்கையின் கணக்கில் அது இரண்டாவது ஞானஸ்நானம் இல்லை, முதலாவது. விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம், கைக்குழந்தையால் விசுவாசிக்க முடியாது என்பது அவர்கள் பிடி. நம் கணக்கில் அது அழியாத முத்திரை. அவளே நினைத்தாலும் அழிக்க முடியாது.

பெந்தெகொஸ்தே என்பது ஒரே சபையும் இல்லை. 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் வெள்ளை உடுத்தி, திருமணமின்றி, சொந்தச் சொத்தின்றி விசுவாச வீடுகளில் சேர்ந்து வாழ்கிறார்கள்; மருந்து எடுப்பதில்லை. மருந்து விஷயத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் நம் துறவற மடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மற்ற பல சபைகளில் பாஸ்டர்கள் குடும்பஸ்தர்கள். இந்தப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. 1967இல் அமெரிக்காவின் டுகேன் பல்கலைக்கழகக் கத்தோலிக்க மாணவர்களிடம் தொடங்கிய அருங்கொடை இயக்கம் அந்நிய பாஷையையும் கைவைத்து ஜெபிப்பதையும் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்தது. சித்தி இருந்த பங்கில் அப்படி ஒரு ஜெபக்குழு இருந்திருந்தால் அவர் எங்கேயும் போயிருக்க மாட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

நான் எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. இறந்தவர்கள் விஷயத்தில் எனக்குத் தங்கையோடு உடன்பாடில்லை. என் அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது. ஒவ்வொரு நவம்பர் 2 அன்றும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அவருக்காகக் கடவுளிடம் பேசுகிறேன். அன்போடு ஒருவருக்காக வேண்டுவது அவர் இறந்த நிமிடத்தோடு அர்த்தமில்லாமல் போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில சபைகளில் மாதா சுரூபத்தையும், பக்திக்காகக் கழுத்தில் அணியும் உத்தரியத்தையும் பிசாசின் பொருள் என்று பிரசங்கிக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து பெற்ற தாயின் கழுத்திலிருந்து கழற்றச் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது கொடுமை. உங்கள் தங்கை அப்படி எதுவும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. குளிப்பாட்டும்போது அம்மாவின் கழுத்தில் உத்தரியம் இருந்திருந்தால் அதை அவள் அப்படியேதான் விட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பூசை வையுங்கள். அதை மாற்ற வேண்டாம், அவளை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வராதது அவளுக்கு மனசாட்சிக் காரியம். சொந்தக்காரர்களிடம் அண்ணனாக நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்: இதைப் பற்றி அவள் முன்னால் யாரும் வாயெடுக்கக் கூடாது. அன்று சாயங்காலம் குடும்பத்தார் மட்டும் கல்லறைக்குப் போங்கள், அவளையும் கூப்பிடுங்கள். அங்கே ஜெபமாலை வேண்டாம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். நம் அடக்கப் பூசையிலும் வாசிப்பது, அவர்கள் அடக்க ஆராதனையிலும் வாசிப்பது.

பிறகு பரலோக மந்திரம் சொல்லுங்கள். உங்கள் அம்மா தலைமுறை சிறுவயதில் படித்தது 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே' என்று. நம் கோயில்களில் இப்போது 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ஆகிவிட்டது. தங்கையின் வேதாகமத்தில் இன்னும் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'தான். அதனால் அவளே தொடங்கட்டும், நீங்கள் எல்லோரும் கூடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு முடிந்ததும், அந்த நான்கு மாதத்தில் அம்மா என்னென்ன பேசினார்கள் என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்புடன்