அதிபருக்குப் போட்ட ஓட்டு

அன்புள்ள அக்கா,

2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினத்துக்கு ஓட்டுப் போட்டவன் நான். 70 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கி அதிபரானார். அடுத்த சனவரியிலேயே பொருள் சேவை வரி 9 விழுக்காடானது, அவர் தடுக்கவில்லை. நாட்டைப் பிரதமர்தான் நடத்துகிறார் என்றால் அதிபரை நாம் எதற்குத் தேர்ந்தெடுக்கிறோம்?

ஈசூன் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆதங்கம் நியாயம்தான், ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. வரி போடுவது நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ள அரசாங்கத்தின் வேலை, அதற்கு நீங்கள் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டீர்கள். 1991ல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, மக்களே அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றியபோது அவர் கையில் கொடுத்தது, குறிப்பிட்ட சில காரியங்களை "வேண்டாம்" என்று நிறுத்தும் உரிமை. முந்தைய ஆட்சிக்காலங்களில் சேர்ந்த நிதியிருப்பை எடுக்க வேண்டுமென்றாலும் சரி, தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி போன்றவர்களை நியமிப்பதென்றாலும் சரி, அவர் சம்மதம் வேண்டும்.

2009ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அன்றைய அதிபர் நாதன் நிதியிருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்கச் சம்மதித்தார், 2020ல் கொவிட் வந்தபோது அன்றைய அதிபர் ஹலிமா 52 பில்லியன் வரை சம்மதித்தார். தலையாட்டத்தானே செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பெரிய பெரும்பான்மை உள்ள அரசாங்கமும் போய், எதற்கு, எவ்வளவு என்று விளக்கிக் கேட்க வேண்டியிருந்தது, அது எனக்குப் பெரிய விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது அரசமைப்புச் சட்டத்தின் 22ஜி பிரிவு. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஒருவரை விசாரிக்கப் பிரதமர் அனுமதி மறுத்தாலும், அதன் இயக்குநர் அதிபரின் இசைவோடு விசாரணையைத் தொடரலாம். ஆட்சியில் இருப்பவர் தன் ஆளைக் காப்பாற்ற நினைக்கும் நாள் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், அதிபருக்கும் கடிவாளம் உண்டு. அவருக்கு ஆலோசனை சொல்ல ஆலோசகர் மன்றம் ஒன்று இருக்கிறது, அதன் பரிந்துரைக்கு மாறாக அவர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் அதைத் தள்ளிவிடலாம். நம் ஊரில் ஆளுங்கட்சிக்கு அந்த எண்ணிக்கை சுதந்திரத்திலிருந்தே குறைந்ததில்லை, ஆகவே மன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

என் கவலை வேறொன்று. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் தெங் சியோங், தாம் காக்க வேண்டிய சொத்தின் கணக்கைக் கேட்டார். அரசின் அசையாச் சொத்துகளை மதிப்பிட 56 மனித ஆண்டுகள், அதாவது ஒரே ஆள் செய்தால் 56 ஆண்டுகள், பிடிக்கும் என்று பதில் வந்ததாகப் பதவி முடியும் தறுவாயில், 1999ல், அவரே வெளிப்படையாகச் சொன்னார். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதவர் எதை வைத்து வேண்டாம் என்பார்?

அடுத்த அதிபர் தேர்தலில் வேட்பாளர் யாராவது உங்கள் வட்டாரத்து உணவங்காடிக்குக் கைகுலுக்க வந்தால் விலைவாசியை விட்டுவிடுங்கள் தம்பி. கணக்குக் கேட்பீர்களா, தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா